இருநூறு லேயருக்குச் சல்மொனெல்லாத் தடுப்பூசி தேவையா?

குஞ்சை எங்கே வாங்கினீர்கள் என்று சொன்னால்தான் முட்டை வழியாக மனிதருக்கு வயிற்றோட்டம் தருகிற சல்மொனெல்லாக் கிருமிக்கு எதிராகக் கோழிக்குத் தடுப்பூசி போடலாமா வேண்டாமா என்று சொல்லமுடியும். இப்படிச் சொன்னால் கேட்டவருக்கு எரிச்சல் வருகிறது, ஏனென்றால் அவர் எதிர்பார்ப்பது "போடு" அல்லது "விடு" என்கிற ஒரு சொல். ஆனால் நூறு, இருநூறு, ஐந்நூறு லேயரை, அதாவது முட்டைக்கோழியை, வீட்டு வளவில் வளர்ப்பவர் முன்னால் பல வழிகள் இருக்கின்றன. தடுப்பூசி ஒன்று, எலியையும் தீனையும் கட்டுப்படுத்துவது இன்னொன்று, பரிசோதித்துக் கிருமியுள்ள கூட்டத்தையே அழிப்பது வேறொன்று, ஒன்றும் செய்யாமல் "நல்லா அவிச்சுச் சாப்பிடுங்கோ" என்று வாங்குகிறவர் தலையில் போடுவது கடைசி. நாலுக்கும் ஒரே செலவு இல்லை, நாலும் ஒரே வேலையைச் செய்வதும் இல்லை.

அதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம், எங்கள் பக்கத்தில் இது அடிக்கடி வரும். நெருப்புக்காய்ச்சலை (டைபொயிட்) தருவதும் சல்மொனெல்லாதான், ஆனால் அது மனிதரில் மட்டும் வாழ்கிற டைபி என்ற வகை. ஒருவருடைய மலத்திலிருந்து தண்ணீர் வழியாகவும் கை வழியாகவும் அடுத்தவருக்குப் போகும். சுண்ணாம்புக்கல் நிலத்தில் கிணறும் மலசலகூடக் குழியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற யாழ்ப்பாண வளவு அதற்கு நல்ல வசதி. கோழிக்கு எத்தனை ஊசி போட்டாலும் நெருப்புக்காய்ச்சல் குறையாது. கோழியிலிருந்து மனிதருக்கு வருவது பெரும்பாலும் என்டரைற்றிடிஸ், டைபிமியூரியம் என்ற இரண்டு வகைகள். சாப்பிட்டு ஆறு மணித்தியாலத்திலிருந்து மூன்று நாளுக்குள் வயிற்றோட்டம், வயிற்றுவலி, காய்ச்சல், சத்தி என்று தொடங்கி, அனேகமானோருக்கு ஒரு வாரத்துக்குள் தானாகவே மாறிவிடும். சின்னப் பிள்ளைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள், சிறுநீரகம் பழுதானவர்கள், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள், இவர்களுக்குத்தான் அது இரத்தத்தில் கலந்து ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுபோகும்.

இந்த விஷயத்தில் பண்ணைக்காரருக்குப் பெரிய சிக்கல் என்னவென்றால், என்டரைற்றிடிஸ் இருக்கிற கோழி வளர்ந்த பருவத்தில் அருமையாக இருக்கும். தின்னும், கொத்தும், முட்டை இடும், கொண்டைப்பூ சிவந்தே இருக்கும். கிருமி அதன் குடலில் இருந்துகொண்டு எச்சத்தோடு வெளியேறி முட்டைக் கோதில் ஒட்டலாம், அது ஒரு பாதை. மற்றப் பாதைதான் மோசம்: சூலகத்திலும் முட்டைக்குழாயிலும் குடியேறிவிட்டால், கோது மூடுவதற்கு முன்னமே கிருமி முட்டைக்குள் போய்விடும். அப்படிப்பட்ட முட்டையை வெளியே எவ்வளவு துடைத்தாலும் பயனில்லை. நாற்றம் இல்லை, நிறம் மாறாது, தண்ணீரில் போட்டுப் பார்க்கிற வித்தையும் இதற்குச் சரிவராது.

ஆகவே கூட்டத்தையே கொல்லுகிற ராணிக்கெற்று நோய்க்கு ஊசி போடுகிறவர் தன் கோழியைக் காப்பாற்றப் போடுகிறார், சல்மொனெல்லாவுக்குப் போடுகிறவர் யாரென்று தெரியாத ஒருவருடைய வயிற்றைக் காப்பாற்றப் போடுகிறார். காசு இவருடையது, பயன் அவருடையது. இந்தக் கணக்கு நேராகும் வரைக்கும் எந்த அறிவுரையும் நீண்ட நாள் நிற்காது, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மற்ற நாடுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வழியில் போனதைப் பார்த்தால் எங்களுக்கு எது பொருந்தும் என்பது ஓரளவு தெளியும். பிரிட்டனில் 1988 டிசம்பரில் எட்வினா கறி என்ற கனிஷ்ட சுகாதார அமைச்சர், நாட்டின் முட்டை உற்பத்தியில் பெரும்பகுதியில் சல்மொனெல்லா இருக்கிறது என்று தொலைக்காட்சியில் சொல்லப்போய், முட்டை விற்பனை படுத்து, அவருடைய பதவியும் இரண்டு கிழமைக்குள் போனது. அரசாங்கம் முதலில் பிடித்த வழி பரிசோதித்து அழிப்பது. இலட்சக்கணக்கான கோழிகளைக் கொன்றார்கள், ஆனாலும் 1990களின் நடுப்பகுதி வரை நோயாளர் தொகை ஆண்டுக்குப் பல ஆயிரம் என்றே நின்றது. 1998 இல் சிங்க முத்திரை குத்தும் முட்டைகளுக்குத் தடுப்பூசி கட்டாயம் என்று முட்டைத் தொழில்துறையே விதி வைத்தது. பத்துப் பன்னிரண்டு வருடத்தில் என்டரைற்றிடிஸ் நோயாளர் தொகை பெரிதாக இறங்கியது. 2017 இல் அங்குள்ள உணவுத் தர முகவரகம், அந்த முத்திரையுள்ள முட்டையைக் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் முதியவர்களும் அரைஅவியலாகவே சாப்பிடலாம் என்று அறிவித்தது. முப்பது வருடத்தில் இது பெரிய திருப்பம்தான். ஆனால் அந்த முத்திரை விதியில் ஊசி மட்டும் இருக்கவில்லை, கூட்டுச் சுத்தம், எலிக் கட்டுப்பாடு, பரிசோதனை, முட்டையில் திகதி எல்லாம் சேர்ந்தே இருந்தன. ஊசியைத் தனியே கழற்றி எடுத்து அதன் பெயரில் முழுப் புகழையும் எழுதுவது சரியில்லை.

சுவீடன் இதற்கு நேர்மாறு. அங்கே 1953 இல் அல்வெஸ்ரா என்ற இடத்து இறைச்சிக் கூடத்திலிருந்து பரவிய சல்மொனெல்லாவில் ஒன்பதாயிரம் பேர் வரை நோயாகி, தொண்ணூறு பேரளவில் இறந்துபோனார்கள். அதன்பின் அவர்கள் எடுத்த முடிவு, ஊசி இல்லை, தொடர்ந்து பரிசோதி, கிருமி இருந்தால் அந்தக் கூட்டத்தை அழி, கூட்டைச் சுத்தம் செய்து முதலிலிருந்து தொடங்கு என்பது. அவர்களுக்கு அது சரிவந்தது. கிருமி ஏற்கெனவே மிகக் குறைவாக இருக்கிற நாட்டில், அழித்த கோழிக்கு இழப்பீடு கிடைக்கிற நாட்டில் அது சரிவரும். இருநூறு கோழியைக் கொன்று புதைத்துவிட்டு அடுத்த மாத வங்கிக் கடனை எதைக்கொண்டு கட்டுவது என்று யோசிக்கிற ஒருவருக்கு இந்த வழியைச் சொல்வது நக்கலடிப்பதுபோல.

அமெரிக்கா மூன்றாவது விதம். அங்கே முட்டையைக் கழுவி, குளிரில் வைத்து, குளிரிலேயே கடை வரைக்கும் கொண்டுபோகிறார்கள். 2010 யூலையில் நடைமுறைக்கு வந்த விதி எலிக் கட்டுப்பாட்டையும் பரிசோதனையையும் குளிரையும் கட்டாயமாக்கியது, தடுப்பூசியைக் கட்டாயமாக்கவில்லை. அடுத்த மாதமே அயோவா மாநிலத்து இரண்டு பண்ணைகளிலிருந்து போன ஐம்பது கோடிக்கும் மேற்பட்ட முட்டைகளைத் திருப்பி அழைக்க வேண்டி வந்தது. அங்கே போய்ப் பார்த்த அதிகாரிகள் கண்டது எலியும் மலைபோல் குவிந்த எச்சமும். ஐரோப்பிய ஒன்றியம் நடுவழியில் நின்றது, முட்டைக்கோழிக் கூட்டங்களில் பத்து வீதத்துக்கு மேல் கிருமி இருக்கிற நாடுகளுக்கு 2008 முதல் தடுப்பூசியைக் கட்டாயமாக்கியது. எனக்குப் பிடித்த தருக்கம் இதுதான்: கிருமி பரவலாக இருக்கிற இடத்துக்கு ஊசி, மிகக் குறைவாக இருக்கிற இடத்துக்கு அழிப்பு.

சரி, எங்களுக்கு வருவோம். குளிர்ச் சங்கிலியை நம்பி ஒரு திட்டம் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. 2022 இல் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் இல்லாமல் இருந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். மின்சாரம் இருக்கிற நாளிலும் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையிலோ சுன்னாகத்திலோ முட்டைத் தட்டு கடை வாசலில் வெயில் படப் படத்தான் அடுக்கியிருக்கிறது. முட்டைக்குள் நாலைந்து கிருமி இருந்தாலும் வெள்ளைக்கரு அதை வளரவிடாது, ஏனென்றால் அங்கே அதற்கு வேண்டிய இரும்புச்சத்து கிடைக்காது; ஆனால் சூட்டில் நாள் போகப் போக மஞ்சட்கருவின் மெல்லிய தோல் தளர்ந்து, கிருமி உள்ளே போய், சாப்பாடு நிறைய இருக்கிற இடத்தில் பெருகத் தொடங்கும். முப்பது பாகை வெப்பத்தில் இது வாரக்கணக்கில் காத்திருக்காது. அதனால் எங்கள் ஊரில் முட்டை பண்ணையை விட்டுப் போகும்போதே சுத்தமாகப் போகவேண்டும் என்ற தேவை குளிர்நாட்டைவிட அதிகம். தடுப்பூசிக்குச் சார்பாக நான் சொல்லக்கூடிய வலுவான நியாயம் இது.

இப்போது ஊசியிலேயே எது என்ற கேள்வி. இரண்டு சாதி இருக்கிறது. ஒன்று, பலவீனமாக்கிய உயிருள்ள கிருமி, தண்ணீரில் கலந்து குடிக்கக் கொடுப்பது. பொதுவாகக் குஞ்சு வந்த முதல் நாட்களில் ஒரு தடவை, ஆறு முதல் எட்டுக் கிழமைக்குள் ஒரு தடவை, முட்டையிடத் தொடங்குமுன் பதினாறு கிழமையளவில் ஒரு தடவை. மற்றது கொன்ற கிருமி, ஒவ்வொரு கோழியாகப் பிடித்து நெஞ்சுத் தசையிலோ தொடையிலோ அரை மில்லிலீற்றர் குத்துவது, பன்னிரண்டு கிழமைக்குப் பிறகு. உயிருள்ளது குடலில் கிருமி ஒட்டவிடாமல் ஆரம்பத்திலேயே இடத்தைப் பிடித்துக்கொள்ளும், கோழி தன் உடலுக்குள்ளும் எதிர்ப்பை வளர்க்கும். கொன்றது இரத்தத்தில் எதிர்ப்புப் பொருளைக் கூடுதலாகவும் நீண்ட நாளுக்கும் தரும். பெரிய பண்ணைகள் இரண்டையும் சேர்த்துச் செய்கின்றன, முதலில் தண்ணீரில், கடைசியில் ஊசியில்.

சின்னப் பண்ணைக்கு எது என்றால், எண்ணெய் கலந்து வருகிற அந்தக் கொன்ற கிருமி ஊசியை இருநூறு கோழிக்கும் ஒரு புருசனும் பெண்சாதியும் இரவில் டோர்ச் வெளிச்சத்தில் குத்துவதை யோசித்துப் பாருங்கள். கோழி உதறும், ஊசி விரலில் போகும். எண்ணெய்த் தடுப்பூசி விரலுக்குள் போனால் அது சும்மா முள்ளுக் குத்தின மாதிரி இல்லை, இரத்த ஓட்டம் தடைப்பட்டு விரலையே இழக்கிற அளவுக்கு வரலாம், குப்பியையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். அதனால் பழகின ஆள் இல்லாத இடத்தில் தண்ணீரில் கொடுப்பதையே நான் சொல்வேன்.

ஆனால் தண்ணீரில் கொடுப்பது சுகமான வேலை என்று நினைக்கவேண்டாம். அங்கேதான் கூடுதலான காசு வீணாகிறது. குப்பி இரண்டு முதல் எட்டுப் பாகைக்குள் இருக்கவேண்டும், கடையிலிருந்து றெஜிபோம் பெட்டியில் ஐஸ் வைத்துக் கொண்டுவராமல் சைக்கிள் கூடைக்குள் போட்டுக்கொண்டு நெல்லியடி வரை வந்தால் வீட்டுக்கு வருவது வெறும் தண்ணீர். பிறகு கிணறு. மாரிக்குப் பிறகோ நோய் பரவும் காலத்திலோ சுகாதாரப் பரிசோதகர் வந்து கிணற்றுக்குக் குளோறின் போட்டிருப்பார், அதே தண்ணீரில் உயிருள்ள தடுப்பு மருந்தைக் கலந்தால் கோழி வாயில் போகுமுன்னமே மருந்து செத்துவிடும். ஆடை நீக்கிய பால்மாவை லீற்றருக்கு 2 கிராம் அளவில் முதலில் கரைத்துக் கொஞ்ச நேரம் விட்டால் குளோறினை அது பிடித்துக்கொள்ளும், அதன்பின் மருந்தைக் கலக்கவேண்டும். கொழுப்புள்ள சாதாரண பால்மா சரிவராது. விடியப்புறம் கோழிக்கு ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் தண்ணீரை எடுத்துவிட்டுத் தாகத்தோடு இருக்கும்போது கொடுத்து, இரண்டு மூன்று மணிக்குள் குடித்து முடிக்கிற அளவே கலக்கவேண்டும். எங்கள் வெயிலில் பத்து மணிக்குப் பிறகு தண்ணீரை நிறுத்தினால் வேறு வில்லங்கம் வரும். குடிகலத்தை முதல்நாள் கிருமிகொல்லியால் கழுவி அந்த மணம் இருக்கும்போதே மருந்தை ஊற்றுவது, இதையும் செய்கிறார்கள். இன்னொன்று, அன்றியக்கி (அன்ரிபயோட்டிக்) மருந்து தண்ணீரில் போய்க்கொண்டிருக்கிற நாட்களில் உயிருள்ள தடுப்பு மருந்து கொடுத்தால் ஒன்றை மற்றது கொல்லும்.

குப்பியின் அளவு சின்ன ஆட்களுக்குப் பெரிய தலையிடி. இந்த மருந்து ஆயிரம், இரண்டாயிரம் கோழிக்கென்று வருகிறது, திறந்தால் சில மணி நேரத்துக்குள் முடிக்கவேண்டும், மிச்சத்தை அடுத்த தடவைக்கு வைக்க முடியாது. இருநூறு குஞ்சு வைத்திருப்பவர் ஒவ்வொரு தடவையும் குறைந்தது ஐந்தில் நான்கு பங்கை ஊற்றவேண்டியதுதான். இதற்கு ஒரே வழி, ஒரே கிழமையில் குஞ்சு இறக்குகிற நாலைந்து பேர் சேர்வது. அதிலும் ஒரு கவனம்: ஒரே ஆள் குப்பியைத் தூக்கிக்கொண்டு கூடு கூடாகப் போனால் ஒரு கூட்டு நோயை அடுத்த கூட்டுக்குச் செருப்பில் கொண்டுபோவார். ஒரு வீட்டு வாசலில் மருந்தைக் கலந்து, ஒவ்வொருவரும் தங்கள் சுத்தமான போத்தலை ஐஸோடு கொண்டுவந்து பங்கை வாங்கிக்கொண்டு போகவேண்டும்.

கோழி டைபொயிட் என்ற நோய்க்குப் போடுகிற 9ஆர் என்ற தடுப்பூசியையும் சிலர் கேட்கிறார்கள். அது கலினாரம் என்ற கோழிக்கான சல்மொனெல்லாவுக்கு உருவானது, என்டரைற்றிடிஸும் அதே குடும்பக் குழு என்பதால் அதற்கும் ஓரளவு பாதுகாப்புக் கிடைக்கும். கோழி டைபொயிட் வந்து பழுப்பு லேயர்கள் வரிசையாகச் செத்த அனுபவமுள்ள பண்ணைக்கு இது இரட்டை இலாபம், ஏனென்றால் இங்கே காசு போட்டவருக்கே பலன் திரும்பி வருகிறது. அந்த நோய் வராத இடத்தில் இதைத் தேடி ஓடத் தேவையில்லை. எந்தத் தடுப்பூசியானாலும் ஒரு எல்லை உண்டு, என்டரைற்றிடிஸுக்கானது டைபிமியூரியத்துக்கு முழுக்க உதவாது, வேறு குழு வகைகளுக்கு இன்னும் குறைவு. தவிர, எந்த ஊசியும் கிருமியை இல்லாமல் செய்வதில்லை. கூட்டில் சுற்றுகிற கிருமியின் அளவைக் குறைக்கும், சூலகத்துக்குப் போவதைக் குறைக்கும், எலி மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருந்தால் அந்தத் தடையும் உடையும்.

எலியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். சுண்டெலியின் ஒரு புழுக்கையில் இலட்சத்துக்கு மேல் சல்மொனெல்லா இருக்கலாம் என்பது ஆய்வில் கண்டது, கோழி அதைத் தானியம் என்று நினைத்துக் கொத்தும். பழைய கூட்டம் போய்ப் புதுக் குஞ்சு வருகிற இடைவெளியில் கிருமியை உயிரோடு வைத்திருப்பதும் எலிதான். எங்கள் கூடுகள் எலிக்கென்றே கட்டினமாதிரி: மேலே கிடுகு, பக்கத்தில் விறகு அடுக்கு, மூலையில் வாய் திறந்த தீன் மூட்டை, இரவு முழுக்கக் குடிகலத்தில் தண்ணீர். கிடுகைக் கழற்றித் தகரம் போடு என்று சொல்லமாட்டேன், பங்குனி சித்திரையில் கோழி வெந்துவிடும். ஆனால் தீனை மூடியுள்ள பிளாஸ்ரிக் பீப்பாவுக்கு மாற்றலாம், விறகையும் மட்டையையும் கூட்டிலிருந்து பத்தடி தள்ளி வைக்கலாம், சிந்தின தீனைப் பொழுதுபடுமுன் கூட்டலாம், சுற்றிவரப் புல்லைச் செருக்கி வெறும் மண்ணாக வைத்தால் எலி வெளிச்சத்தில் ஓடப் பயப்படும். எலி நஞ்சு வைக்கிறவர்கள் கோழி கொத்தாத குழாய்க்குள் வைக்கவேண்டும். பூனை வளர்த்தால் போதாதா என்பார்கள். கூட்டுக்குள் நடமாடுகிற பூனையும் சல்மொனெல்லாவைக் காவும். பல்லியும் காவும், அதற்கு என்ன செய்வது என்று என்னிடம் கேட்காதீர்கள்.

தீனில் எங்கள் ஊருக்கென்றே ஒரு ஓட்டை இருக்கிறது. கடற்கரைப் பக்கத்தில் மீன்தலை, குடல், றால் கோது, பழுதான கருவாடு எல்லாம் கோழிக்குத்தான் போகிறது. சத்து நல்லதுதான், ஆனால் விலங்குப் புரதத் தீன் உலகம் முழுக்கச் சல்மொனெல்லாவின் பழைய வாசல்களில் ஒன்று. விடவேண்டாம், கொதிக்க அவித்து, ஆறியபிறகு அன்றைக்கே கொடுங்கள். வெயிலில் காயவைப்பது அவிப்பதற்குச் சமம் இல்லை, காய்ந்த தூசியிலும் இந்தக் கிருமி மாதக்கணக்கில் கிடக்கும்.

அப்போ ஊசியா, எலியா? இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் நான் எலிக்கும் தீனுக்கும்தான் போடுவேன். அந்தச் செலவு தீன் வீணாவதைக் குறைத்துக் கொஞ்சத்தைத் திருப்பித் தரும், ஊசி தராது. இரண்டுக்கும் முன்னால் நிற்பது குஞ்சு. தாய்க்கோழிக் கூட்டத்தில் கிருமி இருந்தால் குஞ்சு முட்டைக்குள்ளிருந்தே அதைக் கொண்டு வரும், பொரிக்கும் இயந்திரத்துக்குள் ஒரு குஞ்சிலிருந்து நூறுக்குப் பரவும். முதல் நாட்களில் தொற்றின குஞ்சுக்கு நீங்கள் பிறகு கொடுக்கிற மருந்து பிந்தின மருந்துதான். அதனால் பொரிப்பகத்திடம், தாய்க்கோழிகளுக்குச் சல்மொனெல்லாப் பரிசோதனை செய்கிறீர்களா, கடைசியாக எப்போது செய்தீர்கள், தடுப்பூசி போட்டீர்களா என்று கேட்டு எழுத்தில் வாங்கவேண்டும். முட்டையிடும் பருவத்துக்கு வந்த கோழியாக வாங்குகிறவர்கள் இன்னும் கடுமையாகக் கேட்கவேண்டும், ஏனென்றால் தடுப்பு மருந்து கொடுக்கவேண்டிய மூன்று தடவையும் விற்றவர் வீட்டிலேயே முடிந்திருக்க வேண்டிய காலம் அது. பதில் மழுப்பலாக வந்தால் ஒரு கோழிக்கு ஐம்பது ரூபா குறைத்துத் தருகிறேன் என்றாலும் வேறு இடம் பார்ப்பது நல்லது.

அன்றியக்கி மருந்தைத் தீனில் கலந்து சல்மொனெல்லாவை அடக்கலாம் என்று சொல்பவர்களைக் கேட்கவேண்டாம். கிருமி போகாது, ஒளித்துக்கொள்ளும், மருந்துக்கு மசியாத கிருமியாகப் பிள்ளையின் வயிற்றுக்கு வரும். ஐரோப்பாவில் கோழியில் சல்மொனெல்லாவைக் கட்டுப்படுத்த அன்றியக்கி பாவிக்கக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. இதில் ஒப்பிட ஒன்றுமில்லை.

பிறொயிலருக்கும் சுருக்கமாக: வேண்டாம். ஐந்து, ஆறு கிழமையில் இறைச்சியாகிற கோழிக்கு எதிர்ப்பு வளரவே நேரம் போதாது, அதற்கான இடம் தாய்க்கோழிப் பண்ணை. பிறொயிலரில் சல்மொனெல்லா கூடுவது வெட்டுகிற இடத்தில்தான், ஒரே வெந்நீர்ப் பீப்பாவில் எல்லாக் கோழியையும் முக்கி, ஒரே மயிர் பிடுங்கும் இயந்திரத்தில் சுழற்றி, ஒரே வாளித் தண்ணீரில் அலசும்போது ஒன்றின் குடலில் இருந்தது எல்லாவற்றின் தோலுக்கும் வருகிறது. கடைக்காரரிடம் வாளித் தண்ணீரை அடிக்கடி மாற்றச் சொல்வது பண்ணை ஊசியைவிடப் பிரயோசனமான கோரிக்கை.

வளவில் பத்துப் பதினைந்து ஊர்க்கோழி விட்டிருப்பவர்களுக்கும் இந்த ஊசி பொருந்தாது. அடைக்கோழியும் குஞ்சும் சேவலும் கலந்து திரிகிற, வயதென்று ஒன்றே இல்லாத கூட்டத்தில் எப்போது யாருக்குக் கொடுப்பது? அதைவிட ராணிக்கெற்றுக்கு ஒழுங்காகப் போடுங்கள், அது வந்தால் ஒரு கிழமையில் வளவு காலி. ஆனால் ஊர்க்கோழி முட்டையில் கிருமி இருக்காது என்ற நம்பிக்கையை மட்டும் விட்டுவிடுங்கள். குப்பைமேட்டிலும் வாய்க்காலிலும் கொத்துகிற கோழிக்கு, எலியையும் காகத்தையும் சந்திக்கிற கோழிக்கு, விசேட பாதுகாப்பு எதுவும் இல்லை.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், எங்களில் பச்சை முட்டை போவது ஊர்க்கோழி முட்டையில்தான். பெரியபிள்ளையான பெட்டைக்குப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் காலமையில் கொடுக்கிறோம், சளி பிடித்தால் முட்டைக் கோப்பி அடிக்கிறோம். கொதித்த கோப்பியை ஊற்றுகிறோமே என்று கேட்கலாம். அடித்த முட்டையோடு கலந்தவுடனேயே சூடு இறங்கிவிடும், கிருமி சாக முட்டை முழுக்க 70 பாகையைத் தாண்டவேண்டும், குடிக்கிற சூட்டில் அது நடக்காது. பச்சை முட்டைதான் கொடுப்போம் என்று நிற்கிற வீட்டுக்கு நான் சொல்வது, தடுப்பு மருந்து கொடுத்த, எலி அடக்கின, தெரிந்த பண்ணையில் அன்று இட்ட முட்டையைக் கேட்டு வாங்குங்கள் என்பது. தடுப்பூசியின் முழுப் பெறுமதியும் தெரிகிற இடம் இந்தக் குவளைதான். அவித்துச் சாப்பிடுகிற வீட்டில் ஊசி போட்ட முட்டைக்கும் போடாததுக்கும் பெரிய வித்தியாசம் வராது. அதேபோல முட்டையில் அடிக்கிற மயோனைஸ். தமிழ்நாட்டில் 2025 ஏப்ரலில் பச்சை முட்டை மயோனைஸை ஒரு வருடத்துக்குத் தடை செய்தார்கள், இங்கே இன்னமும் வெயிலில் போத்தல் நிற்கிறது, கொத்துக்கும் பேர்கருக்கும் மேல் பிழிகிறார்கள்.

முட்டையைக் கழுவுகிற பழக்கத்தையும் விடவேண்டும். கோதில் ஆயிரக்கணக்கான நுண்துளை இருக்கிறது, அதை மூடி ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. குளிர்ந்த கிணற்றுத் தண்ணீரில் சூடான முட்டையைப் போட்டால் உள்ளே இருப்பது சுருங்கி, வெளி அழுக்கைத் துளை வழியாக இழுத்துக்கொள்ளும். காய்ந்த துணியால் துடையுங்கள், மோசமாக ஊத்தையான முட்டையை விற்காமல் வீட்டில் அவியுங்கள், பென்சிலால் திகதி எழுதுங்கள்.

இனி முன்னே விட்ட கணக்கு. பிரிட்டன்காரர் ஊசிச் செலவைத் தாங்கியது முத்திரை இருந்ததால், வாங்குகிறவர் அதைப் பார்த்து எடுத்தார். எங்கள் முட்டை வியாபாரியின் கையில் போனவுடனே தெற்கிலிருந்து வந்த முட்டையோடு கலந்து ஒரே தட்டில் ஒரே விலைக்குப் போகிறது. அப்படி விற்கிறவர் தடுப்பூசி போடுவது தர்மம் என்று வேண்டுமானால் சொல்லலாம், வியாபாரம் இல்லை. நேரே வீட்டுக்கும் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கொடுக்கிறவர், திகதியும் பண்ணைப் பெயரும் எழுதித் தன் தட்டில் விற்கிறவர், குஞ்சுக் கணக்கையும் மருந்துக் குப்பியின் லேபிளையும் ஒரு கொப்பியில் ஒட்டி வைத்துக் கேட்டவருக்குக் காட்டக்கூடியவர், இவருக்கு ஒரு முட்டைக்கு ஒன்றிரண்டு ரூபா கூட்டி விற்கிற வாய்ப்பு இருக்கிறது. நாலைந்து பேர் சேர்ந்து குப்பியைப் பங்கிடுகிறவர்கள் அதே பெயரில் தட்டையும் போட்டால் இரண்டு பிரச்சினையும் ஒன்றாகத் தீரும்.

ஆகவே, குஞ்சு நல்ல இடத்தில் வாங்கி, எலியை ஓரளவு அடக்கி, பங்குக்கு ஆள் சேர்த்து, நேரடியாக விற்கிற இருநூறு லேயர்க்காரர் தண்ணீரில் கொடுக்கிற மருந்தை மூன்று தடவையும் போடட்டும். இதில் குஞ்சும் எலியும் சரியில்லாதவர் அந்தக் காசைத் தீன் பீப்பாவுக்கும் எலியை அடக்குவதற்கும் போடட்டும். ஆயிரத்துக்கு மேல் வைத்திருப்பவருக்கு இந்தத் தயக்கமே தேவையில்லை, ஒரு குப்பி வீணாகாது, பழகின ஆளை வைத்துக் கடைசியில் ஊசியும் சேர்க்கலாம்.

கூட்டில் இப்போதே முட்டையிட்டுக்கொண்டிருக்கும் கோழி இருந்தால் அதற்கு ஒன்றும் போடவேண்டாம். ஏற்கெனவே குடியேறின கிருமியை ஊசி விரட்டாது, பிடித்துக் குத்துகிற அமளியில் முட்டை குறைவதுதான் மிச்சம். இந்தத் தொகுதி முடிந்ததும் எச்சத்தையும் உமியையும் முழுக்க அள்ளி, தூசி போகக் கழுவி, காய்ந்தபிறகே கிருமிகொல்லி அடிக்கவேண்டும், ஏனென்றால் ஊத்தைக்கு மேல் அடிக்கிற மருந்து ஊத்தையோடு போய்விடும். பிறகு இரண்டு மூன்று கிழமை கூடு வெறுமையாக இருக்கட்டும், எலி பிடிக்க அதுதான் நல்ல காலம், தீன் இல்லாமல் அவை பொறிக்கு வரும். குஞ்சு இறக்குமுன் ஈரமான சல்லடைத் துணியால் தரையையும் சுவர் விளிம்பையும் துடைத்து, உங்கள் பிரிவு மிருக வைத்தியர் மூலம் ஆய்வுகூடத்துக்குக் கொடுத்துப் பாருங்கள். அந்தத் துணியில் சல்மொனெல்லா வந்தால் குஞ்சுக்குக் கொடுத்த முற்பணம் போனாலும் பரவாயில்லை, இன்னொரு தடவை கழுவுங்கள்.